தலைகீழாகக் கிடந்த மண்

நாற்பத்தொரு பானை ஓடுகள். அவற்றை நான்தான் கவனமில்லாமல் பை மாற்றிப் போட்டேன் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதக்கூட வேண்டாம், கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நான் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அகழாய்வு அலுவலகம் என்று பெயர்தான் பெரிசு. மூடிப்போன பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகள். கரும்பலகையில் யாரோ என்றோ போட்ட வகுத்தல் கணக்கு பாதி அழியாமல் இருந்தது. தரை முழுக்கச் செய்தித்தாள், அதன் மேல் வரிசை வரிசையாகக் கழுவிக் காய வைத்த ஓடுகள். நடுவில் வாத்தியார் மேஜை. அதற்குப் பின்னால் டைரக்டர்.

சினிமா டைரக்டர் இல்லை, அகழாய்வுக்கு டைரக்டர். ஆனால் எங்களை அவர் நடிகர்கள் மாதிரிதான் நடத்தினார். எங்கே நிற்க வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்.

"இது ஒண்ணும் தண்டனை இல்லம்மா. ஃபைலுக்கு ஒரு விளக்கம். அவ்வளவுதான்," என்றார்.

"நான் மாத்தலயே சார்."

"மாறியிருக்கே."

அதைச் சொன்னது அவர் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பானையம்மா. ஓட்டைப் பார்த்து வயசு சொல்வதுதான் அவர் வேலை. நகத்தளவு துண்டைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியை ஒருமுறை வைத்து, இன்ன காலம் என்று சொல்லிவிடுவார். தப்பாது. அதுதான் எனக்குப் பிரச்சினையே.

என் பொறுப்பில் இருந்தது ஆறாம் குழி. நாலுக்கு நாலு மீட்டர். மேலிருந்து கீழே மண் நிறம் மாற மாற அடுக்குக்கு ஒரு எண் போடுவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று. கீழே போகப் போகப் பழசு. சின்னப் பிள்ளைக்கும் புரியும். நாலாம் அடுக்கின் காலம் எல்லாருக்கும் தெரியும், தடித்த சிவப்புப் பானைகளின் காலம். அந்த அடுக்கிலிருந்து நான் அனுப்பிய பையில் நாற்பத்தொரு மெல்லிய கறுப்பு ஓடுகள் இருந்தன. உள்பக்கம் சீப்பால் இழுத்த மாதிரிக் கீறல். அந்த வகை அறுநூறு வருஷம் மூத்தது. எங்கள் இடத்தில் அது கிடைத்ததே கிடையாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறொரு ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்று இதே அறையில் இருந்தது. அதில் இதே வகை ஓடுகள்.

அவர்களுக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது. பெட்டியிலிருந்து கொட்டியதை அள்ளி என் பையில் போட்டுவிட்டேன். புதுப்பெண், அனுபவம் போதாது.

"பெட்டியில் எத்தனை இருந்துச்சுன்னு எண்ணி வச்சிருந்தீங்களா மேடம்?" என்று பானையம்மாவைக் கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "எண்ணல."

"அப்ப அதிலிருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எங்கேயிருந்து வரும்? வானத்திலேர்ந்தா?"

டைரக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "வெள்ளிக்கிழமை மதியம் குழி எல்லாத்தையும் மூடுறோம். இடத்தைப் பஸ் டிப்போக்காரங்ககிட்ட திருப்பிக் கொடுக்கணும். அதுக்குள்ள அறிக்கையை முடிச்சாகணும். அந்த நாற்பத்தொண்ணைத் தள்ளிட்டா எல்லாம் ஒழுங்கா இருக்கு. நீ கையெழுத்துப் போட்டா உன் வேலையும் அடுத்த சீசனுக்கு நீளும். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். யோசிச்சுப் பாரு."

வீட்டு நிலைமை தெரியுமாம். என் அப்பா குழி தோண்டுகிறவர். கழிவுநீர்த் தொட்டிக்கு, அஸ்திவாரத்துக்கு, மரம் நட, எதற்கு வேண்டுமானாலும். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டுவிட்டு டைரக்டர் எல்லார் முன்னாலும், "அப்ப ரத்தத்திலேயே இருக்குன்னு சொல்லு," என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் குழிக்காரர் மகள். மற்ற குழிகளைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே நான்தான். அப்பா, தனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தில் எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கைநாட்டு வைத்தவர். படிக்கத் தெரிந்த நான், பொய் என்று தெரிந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா? அதற்கா மூன்று பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனேன்?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல சார்," என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தொடாமல் வெளியே வந்தேன்.

*

என் குழியில் கொத்துக்கரண்டி பிடிக்கிறவர் நூலக்கா. நாற்பது வயசு இருக்கும். மண்ணில் கரண்டி படுகிற சத்தத்தை வைத்தே கீழே கல்லா, ஓடா, எலும்பா என்று சொல்வார். எழுத்துத் தெரியாது. லேபிளைப் படிக்க முடியாததால் அவரே ஒரு வழி செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிற நூல். பை நிறைந்ததும் நான் பென்சிலால் லேபிள் எழுதி உரக்கப் படிப்பேன். அவர் திருப்பிச் சொல்லிவிட்டு அந்த அடுக்கின் நூலால் வாயைக் கட்டுவார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. அவர் முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்க முடியும்.

நடந்ததைச் சொன்னேன். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "நாலுக்குப் பச்சை. அந்தப் பை பச்சையா இல்லையா?" என்றார்.

"பச்சைதான்க்கா. பை மேல இன்னும் தொங்குது."

"அப்புறம் என்ன கேள்வி?"

"நூலை வச்செல்லாம் அறிக்கை எழுத முடியாதாம்."

"என் நூலு பொய் சொல்லாது. அவங்க பேனா வேணா சொல்லும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"போட்டா எங்கிட்ட பேசாத."

எனக்கு அவர் நூல் போதும். ஆனால் நூல் பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருந்தது. ஓடுகள் என் நாலாம் அடுக்கில்தான் கிடைத்தன, சரி. அறுநூறு வருஷம் மூத்த ஓடு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? பானையம்மா கேட்டது கிண்டலாக இருந்தாலும் நியாயமான கேள்வி. வானத்திலிருந்தா வந்தது?

*

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். அப்பா அங்கே ஒரு வீட்டின் பின்பக்கம் தொட்டிக்குத் தோண்டிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்பாவின் தலை மட்டும் தரைமட்டத்துக்கு மேலே தெரிந்தது. வீட்டுக்காரர் குவியலின் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, தோட்டத்துக்குப் போடறதுக்கு நல்ல கறுப்பு மண்ணு வேணும்னு சொன்னேன்ல? எல்லாத்தையும் அடியில போட்டு மேல இந்தக் காவி மண்ணைக் கொட்டி வச்சிருக்கே?"

அப்பா உள்ளே இருந்தபடியே பதில் சொன்னார். "மண்ணு என்னைக் கேட்டுட்டா வருது? மேல இருந்தது முதல்ல வந்துச்சு, அது கீழ போச்சு. அடியில இருந்தது கடைசியில வந்துச்சு, அது மேல கிடக்கு. உங்களுக்கு மாத்தி வேணும்னா அடியிலேர்ந்து மேல தோண்ட ஆளைக் கூப்பிட்டுக்குங்க."

"வாய் மட்டும் குறையாது உனக்கு."

"வாய் இல்லன்னா இந்தக் குழிக்குள்ளயே தள்ளி மூடிடுவீங்க."

நான் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் தடவை பார்த்த குவியல். பிறந்ததிலிருந்து இந்தக் குவியல்களின் மேல் ஏறிச் சறுக்கி விளையாடியவள் நான். ஒரு பக்கம் சரிந்து உள்பக்கம் தெரிந்தது. கீழே கறுப்பு, நடுவில் செம்மண், உச்சியில் காவி.

தலைகீழ். பூமிக்குள் இருந்த வரிசை அப்படியே தலைகீழாகக் கிடந்தது.

பைக்குள்ளிருந்து என் வரைபட நோட்டை உருவினேன். அப்பாவின் மண்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, ஆறாம் குழியின் நாலாம் அடுக்கை விரித்தேன். வடகிழக்கு மூலையில் மட்டும் அந்த அடுக்கு தடித்து, மூலையிலிருந்து சரிந்து வந்திருந்தது. உள்ளுக்குள் மூன்று பட்டை. நானே அளந்து நானே வரைந்தவை. கீழே அடர்பழுப்பு. நடுவில் சுத்தமான மஞ்சள் மணல். உச்சியில் சாம்பல் கலந்த கறுப்பு மண். நாற்பத்தொரு ஓடுகளும் கிடைத்தது அந்தக் கறுப்பு மண்ணில், வேறெங்கும் இல்லை. வரையும்போது, ஏதோ வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருந்தது.

அது வெள்ளம் இல்லை. குவியல். நாலாம் அடுக்கின் காலத்தில் யாரோ ஒருவர், என் குழிக்குச் சற்றுத் தள்ளிக் கிணறு தோண்டியிருக்கிறார். முதலில் பழுப்பு வந்தது, கீழே போனது. அடுத்து மஞ்சள் மணல். கடைசியாக, மஞ்சள் மணலையும் தாண்டி, அதற்குக் கீழே இருந்த கறுப்பு மண். அதில் அந்த ஓடுகள்.

ஆனால் மஞ்சள் மணலுக்குக் கீழே ஒன்றுமே கிடையாது என்று எழுதி, ஃபைலை மூடி, முத்திரை வைத்திருந்தோம். எல்லாக் குழிகளிலும் இரண்டு மீட்டர் எண்பதில் அந்த மஞ்சள் மணல் வந்ததும் டைரக்டர் எட்டிப் பார்த்து, "இயற்கை மண். மனுஷன் கால் படாதது. போதும்," என்பார். நிறுத்திவிடுவோம்.

மனுஷன் கால் படாததாம். அதற்கு அடியில் ஒரு ஊரே சோறு பொங்கித் தின்றிருக்கிறது.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படி இருக்கு?" அப்பா மேலே ஏறி வந்து தலைத்துணியால் முகம் துடைத்தார்.

"நாலு பலகை வேணும்ப்பா. ரெண்டு முட்டும்."

"எதுக்கு?"

"மணல்ல தோண்டணும். ஒரு மீட்டர் அகலம்தான். ஆழம் போகணும்."

அவர் எதற்கு என்று இரண்டாவது முறை கேட்கவில்லை. "மணல் சொல்லாம சரியும். சுவர்ல பலகையைச் சாத்தி அரை மீட்டருக்கு ஒரு முட்டு குடு. அடுத்த திங்கக்கிழமை எனக்குப் பலகை வேணும், சொல்லிட்டேன்."

வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தார். நான் பலகையோடு வந்ததைப் பார்த்துச் சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. "மண்ணைத் தோண்டுறதுக்கா டிகிரி வாங்கின? எங்க அண்ணன் பள்ளிக்கூடத்து வாசப்படியை மிதிக்காமலே தோண்டுறானே."

"அப்பா தோண்டுறதுல தண்ணி வரும் அத்தை. நான் தோண்டுறதுல ஆளுங்க வருவாங்க."

"வந்து? உன்னைக் கட்டிக்கவா?"

"அவங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

"அப்ப பரவாயில்ல, வாயாடிக்கு ஏத்த மாப்பிள்ளைங்க," என்றார்.

*

செவ்வாய்க்கிழமை டைரக்டரின் மேஜை மேல் என் வரைபடத்தை விரித்தேன். முழுக்கச் சொன்னேன். குவியல், கிணறு, தலைகீழ் வரிசை. பானையம்மா எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். மூன்று பட்டைகளையும் விரலால் தொட்டுக்கொண்டே கீழிருந்து மேலே போனார்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கற்பனை நல்லா இருக்கு. இயற்கை மண்ணுன்னு ஏற்கெனவே சோதிச்சாச்சு. ஃபார்ம்ல இருக்கு. உன் கையாலதான் டிக் பண்ணியிருக்க."

உண்மை. இங்கேதான் நான் தலைகுனிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன்னால் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு வரி: 'இயற்கை மண்ணில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிச் சோதிக்கப்பட்டது. ஆம், இல்லை.' யாரும் தோண்ட மாட்டார்கள். மணலில் ஒரு முழம் கிளறிப் பார்ப்போம், ஒன்றும் இருக்காது, 'ஆம்' போடுவோம். இத்தனை வருஷமாக எல்லாரும் செய்வது அதுதான். ஆறாம் குழியின் படிவத்தில் நானும் போட்டேன். டைரக்டர் சொன்னார், போட்டேன். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேற்று முழுக்க விறைத்துக்கொண்டு திரிந்தவள், மூன்று வாரத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் ஒன்றுக்குப் போட்டிருக்கிறேன்.

"ஆமா சார். பொய் டிக். நீங்க போடுன்னீங்க, நான் போட்டேன். ரெண்டு பேருக்கும் தெரியும், தோண்டலன்னு."

பானையம்மா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல் அப்படியே நின்றார்.

"இப்ப அதை உண்மையாக்கறேன்," என்றேன். "வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் ஆறாம் குழியும் நூலக்காவும் எனக்கு வேணும். கீழே ஒண்ணும் இல்லன்னா நீங்க நீட்டுற கடுதாசியில கையெழுத்துப் போடுறேன். நான்தான் மாத்தினேன்னு. அடுத்த சீசனும் வேணாம்."

"சரியா யோசிச்சுச் சொல்றியா?"

"எழுதித் தரவா?"

அவர் பானையம்மாவைப் பார்த்தார். பானையம்மா, "படிவத்துல ஆம்னு இருந்தா தோண்டியிருக்கணும்ல சார்," என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டைரக்டரால் மறுக்க முடியவில்லை.

*

புதன்கிழமை காலை குழியின் வடகிழக்கு மூலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நூல் கட்டினோம். நூலக்கா முதல் கொத்துப் போட்டார். மஞ்சள் மணல் சர்க்கரை மாதிரிச் சரிந்தது. நான் கரண்டியால் அள்ளி வாளியில் போட்டேன், மேலே இருந்தவர்கள் இழுத்துச் சலித்தார்கள். சல்லடையில் ஒன்றுமில்லை. ஒரு கூழாங்கல்கூட இல்லை. அரை மீட்டரில் முதல் முட்டு. மற்ற குழிகளில் வரைபட வேலை பார்த்தவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன, தண்ணி வந்துச்சா?" என்றான் மூன்றாம் குழிக்காரன்.

"வந்ததும் சொல்றேன், முதல்ல உன்னைக் குளிப்பாட்டலாம்," என்றார் நூலக்கா.

வியாழக்கிழமை மதியம் அளவுக்கோலை இறக்கினேன். மஞ்சள் மணலில் சரியாக ஒரு மீட்டர். நாலு பக்கமும் மஞ்சள். அடியும் மஞ்சள். பூச்சி துளைத்த ஓட்டைகூட இல்லாத சுத்தமான மணல்.

டைரக்டர் விளிம்பில் வந்து நின்றார். அவர் நிழல் எங்கள் மேல் விழுந்தது. "ஒரு மீட்டர் ஆச்சா?"

"ஆச்சு."

"படிவம் கேக்கறது ஒரு மீட்டர்தான். மேல வா. கடிதம் ரெடியா இருக்கு."

குவியலில் இருந்த மஞ்சள் பட்டையின் தடிமனை வைத்து, கீழே ஒன்றரை மீட்டர் மணலாவது இருக்கும் என்று மதிப்புப் போட்டிருந்தேன். ஆனால் மதிப்புத்தானே. இரண்டாக இருக்கலாம். மூன்றாக இருந்தால் நான் தொலைந்தேன். இல்லை, என் கணக்கே தப்பு, நான்தான் பையை மாற்றிப் போட்டேன், எனக்கே நினைவில்லை என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்னால் அப்படித்தான் ஆகும். நம் கையையே நாம் சந்தேகப்படுவோம்.

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் சரக் என்று சத்தம். நூலக்கா தலையைத் தூக்காமல் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சார் நிறுத்தச் சொல்றார்."

"அவரு மதியம்னு சொன்னது எந்தக் கிழமை?"

"வெள்ளி."

"இன்னைக்கு என்ன?"

"வியாழன்."

"அப்ப வாளியை எடு."

டைரக்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நிழல் நகர்ந்தது.

*

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே மண் தள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. முதலாம் குழியில் ஆரம்பித்தது. ஒவ்வொரு குழியாக மூடும் சத்தம் எங்கள் சுவர்களில் அதிர்ந்தது, மணல் பொலபொலவென்று தோளில் உதிர்ந்தது. அப்பாவின் பலகைகள் முனகின, விடவில்லை. ஒரு மீட்டர் இருபது. மஞ்சள். ஒரு மீட்டர் முப்பது. மஞ்சள். பத்தரை மணிக்கு இயந்திரம் மூன்றாம் குழியை முடித்துவிட்டு நாலுக்கு நகர்ந்தது.

நூலக்காவின் கரண்டி நின்றது.

"சத்தம் மாறுது," என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியின் முனையால் மெல்ல ஒருமுறை இழுத்தார். மஞ்சள் விலகியது. கீழே ஒரு சாம்பல் கோடு, மயிரிழை மாதிரி. இன்னொரு இழுப்பு. கோடு அகலமானது. நான் அவரிடமிருந்து கரண்டியை வாங்கவில்லை. அது அவருடைய நேரம். தூரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டேன்.

மணல் முழுக்க விலகியபோது நாங்கள் ஒரு தரையின் மேல் இருந்தோம். மிதித்து மிதித்துக் கெட்டியான களிமண் தரை. யாருடைய கால்களோ மிதித்தது. மூலையில் சுட்டுச் சிவந்த மண் வளையம், உள்ளே கரி. அடுப்பு. அடுப்போரம் ஒரு பானையின் கீழ்ப்பாதி, உட்கார வைத்தது உட்கார வைத்தபடி. மெல்லிய கறுப்பு. உள்பக்கம் சீப்பால் இழுத்த மாதிரிக் கீறல். ஆறு வந்து ஒரே மூச்சில் மணலைக் கொட்டி மூடியிருக்கிறது. பானையை எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் இல்லை.

நான் கத்தவில்லை. அளவுக்கோலை வைத்தேன். ஒரு மீட்டர் முப்பத்தெட்டு. தரைமட்டத்திலிருந்து நாலு மீட்டர் பதினெட்டு. நோட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கி, "பானையம்மாவைக் கூப்பிடுங்க," என்றேன். எல்லார் காதுபட அந்தப் பட்டப்பெயரை நான் சொன்னது அன்றுதான் முதல்முறை.

பானையம்மா வந்தார். இஸ்திரி போட்ட உடுப்போடு ஏணியில் இறங்கினார். அறையை விட்டு வெளியே வராதவர், களத்தில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. இடமில்லாமல் நூலக்கா மேலே ஏறிக்கொண்டார். பானையம்மா முழங்காலில் உட்கார்ந்து பானையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. விரலால்கூடத் தொடவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு லேபிள் வேணாம்," என்றார் கடைசியில். பிறகு என்னைப் பார்த்து, "நான் பெட்டியை எண்ணியிருக்கணும். எண்ணாம உன் மேல போட்டேன். தப்பு என்னோடது."

"இதை மேல வந்து சொல்லுங்க மேடம்," என்றேன்.

வந்து சொன்னார். டைரக்டர், குழி பார்ப்பவர்கள், சலிக்கிறவர்கள் எல்லாரும் நிற்க, ஒரு சொல் குறையாமல் சொன்னார். அந்த அம்மாளை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கும்.

இயந்திரம் ஐந்தாம் குழிக்கு வந்திருந்தது. ஓட்டுநர் என்ன கூட்டம் என்று இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "அடுப்பா அது?" என்றார். திரும்பிப் போய், யாரும் சொல்லாமலே இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதி இருக்கிறதே, நாலு நாளாக என் காதுக்குள் இருந்த இரைச்சலும் சேர்ந்து நின்றது.

டைரக்டர் மேலிடத்துக்குத் தொலைபேசினார். குழி மூடுவதை நிறுத்த வேண்டும், டிப்போக்காரர்களிடம் பேச வேண்டும், எல்லாக் குழியிலும் மணலைத் தாண்டிப் போக வேண்டும். குரல் கணீரென்று இருந்தது. "ஆமா சார், நாங்க எதிர்பார்த்த மாதிரியே மணலுக்குக் கீழ இன்னொரு குடியிருப்பு..."

நான் எதிரில் போய் நின்றேன். "எதிர்பார்க்கல சார்."

போனைக் கையால் பொத்தினார். "என்னம்மா?"

"நீங்க எதிர்பார்க்கல. ஆறாம் குழி எதிர்பார்த்துச்சு. அப்படியே சொல்லுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்."

மூன்றாம் குழிக்காரன் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். டைரக்டர் என்னையும் என் பின்னால் நின்ற முப்பது பேரையும் பார்த்தார். கையை எடுத்தார். "ஆறாம் குழியின் பொறுப்பாளர் கண்டுபிடிச்சாங்க சார்," என்று ஆரம்பித்து, என் பெயரைச் சொன்னார். முழுப்பெயரை. அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வேலையில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். என் பழைய 'ஆம்' மேல் கோடு இழுத்தேன். எழுதினேன்: 'அன்று தோண்டவில்லை. இன்று தோண்டினோம். இது இயற்கை மண் அல்ல.' கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். "நீங்களும் போடணும் சார். அன்னைக்கும் ரெண்டு பேரும்தானே போட்டோம்."

போட்டார். அவருடைய பேனாவிலேயே, மூடியை அவரே கழற்றி. தட்டச்சு செய்த அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஃபைலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் கையெழுத்துக்கான இடம் காலியாக, அழகாக இருந்தது.

குழிக்குத் திரும்பியபோது நூலக்கா முதல் பையைத் தயாராக வைத்திருந்தார். அடுப்பிலிருந்து எடுத்த கரி. பென்சிலை எடுத்து லேபிள் எழுதி உரக்கப் படித்தேன். "ஆறாம் குழி. ஏழாம் அடுக்கு."

"ஆறாம் குழி, ஏழாம் அடுக்கு," என்றார் அவர். தன் நூல் பையைத் துழாவினார். ஆறு நிறம்தான் இருந்தது. ஏழாவது யாருக்குத் தெரியும்? தலையில் கட்டியிருந்த துணியின் ஓரத்திலிருந்து நீல இழை ஒன்றை உருவி, மூன்று சுற்று, இரண்டு முடிச்சு போட்டார். நான் ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு, தலைப்பில் 'நூல் நிறம்' என்று எழுதி, அதன் கீழே 'நீலம்' என்று பதிந்தேன். அந்தப் பத்தி இன்றைக்கும் எங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"பாப்பா, திங்கக்கிழமைக்குப் பலகை வந்துடும்ல?"

"வராதுப்பா. ரெண்டு மாசத்துக்கு இங்கதான்."

"அப்ப கெடைச்சிருச்சா?" என்றார்.

"கெடைச்சிருச்சு."

"எவ்வளவு ஆழம்?"

"நாலு மீட்டர் பதினெட்டு."

"அடேயப்பா," என்றார் என் அப்பா. அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிற மாதிரி.